மேஜையை எங்கே போடுவது?

நீதித்துறைச் சீர்திருத்தம், சட்ட உதவி என்ற பெயர்களில் வெளிநாட்டு நிதியோடு வரும் திட்டங்களில் வேலைக்குச் சேரும் இளம் வக்கீல்கள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருவார்கள். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் அந்த வேலையை நெடுங்காலம் பார்த்தவள் நான். சம்பளம், ஒப்பந்தம் பற்றியெல்லாம் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: “உங்க மேஜையை எங்கே போடப் போறாங்க? எந்தச் சட்டப் பிரிவுக்குக் கீழே?”

பணம் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, அந்த வேலை இங்கே ஏற்கெனவே இருக்கும் ஒரு சட்டத்தோடும், ஏற்கெனவே இயங்கும் ஒரு அலுவலகத்தோடும் சேர்ந்துகொண்டால் நிலைக்கும். தனியாக உட்கார்ந்தால் திட்டக்காலம் முடிகிற மாதத்தோடு அதுவும் முடியும். இதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கற்றேன்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் மாவட்டத்துக்கு உலகமே வந்தது. இங்கே மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள், பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் என்று வந்தபடி இருந்தார்கள். படகு, வலை, வீடு என்ற பேச்சுதான் முதலில். சட்டம் என்ற பேச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. நான் அப்போது ஜூனியர். தற்காலிகக் குடியிருப்புகளில் சட்ட உதவி மேஜை போடும் ஒரு திட்டத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு நிபுணர்கள் எங்களுக்குத் தயாரித்துக் கொடுத்த பாடம் நில உரிமை, குழந்தைகள் பாதுகாப்பு, பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றியது. எல்லாம் தேவையானவைதான். ஆனால் மேஜைக்கு வந்தவர்கள் கேட்டது காகிதம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தண்ணீரில் போன பாஸ்புக், ரேஷன் கார்டு.

கணவரைக் கடல் கொண்டுபோன ஒரு பெண் வந்தார். உடல் கிடைக்கவில்லை. “வக்கீலம்மா, செத்தவங்க லிஸ்ட்லயும் அவரு பேரு இல்ல, உயிரோட இருக்கிறவங்க லிஸ்ட்லயும் இல்ல. நான் யாருன்னு எந்த ஆபீஸ்ல போய்ச் சொல்றது?” என்றார். அப்போதிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டு தகவலே இல்லாவிட்டால்தான் அவர் இறந்ததாகக் கொள்ள முடிந்தது. சுனாமியில் காணாமல் போனவர்களுக்காக அரசு இதைச் சுருக்கித் தனி நடைமுறை வகுத்தது: போலீசில் புகார், விசாரணை, அப்புறம் சான்றிதழ். நடைமுறை இருந்தது, ஆனால் அதன் வழியாக அந்தப் பெண்ணை நடத்திக்கொண்டு போக ஆள் இல்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடுவில்தான் ஃபைல் நின்றுபோகும். நாங்கள் செய்த உருப்படியான வேலை, அந்த இரண்டு இடங்களுக்கும் மாறி மாறி நடந்ததுதான். எந்த மனு எந்தக் கிளார்க்கிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்து, வாரத்துக்கு ஒருமுறை போய்க் கேட்டோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் சீனியர் ஒருநாள் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தைப் பிரித்து 12-ஆம் பிரிவைக் காட்டினார். 1987-ல் நிறைவேறி 1995 நவம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. யாருக்கெல்லாம் அரசு இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள். அதே பட்டியலில் பேரழிவு, வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதி வன்கொடுமை ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. எங்கள் கூடாரத்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஏற்கெனவே அந்தப் பிரிவுக்குள் இருந்தார்கள். அப்படியானால் நாங்கள் ஏன் தனியாகக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்?

மேஜையைக் கோர்ட் வளாகத்துக்குள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்து வராந்தாவுக்கு மாற்றினோம். குடியிருப்புகளுக்கு வாரம் ஒரு நாள் போவது என்று வைத்துக்கொண்டோம். நிதி கொடுத்தவர்கள் தயங்கினார்கள். அவர்கள் பெயர்ப் பலகை கோர்ட் வளாகத்தில் வைக்க முடியாது, அவர்கள் கணக்கில் “எங்கள் மையம்” என்று காட்ட முடியாது. பல கூட்டம் பேசித்தான் ஒப்புக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தங்கள் நாட்டு வரிப்பணத்துக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் இந்தப் பேச்சுவார்த்தையைத் திட்டம் தொடங்கும்போதே நடத்திவிட வேண்டும் என்று வருகிறவர்களிடம் வற்புறுத்திச் சொல்கிறேன். நடுவில் மாற்றுவது மிகவும் கஷ்டம்.

ஊர்ப் பஞ்சாயத்து பற்றியும் சொல்ல வேண்டும். நாகைக் கடற்கரையில் மீனவ ஊர்களுக்கு நாட்டார்கள், பஞ்சாயத்தார்கள் உண்டு. நிவாரணப் பொருள் சண்டை இல்லாமல் ஊருக்குள் போய்ச் சேர்ந்ததற்கு அவர்கள்தான் காரணம். அதே அமைப்பில் பெண்களுக்கு இடம் கிடையாது. குடும்பத் தலைவர் பட்டியலில் ஆண் பெயர் இருக்கும். ஆண் இல்லாத வீடு சில ஊர்களில் பட்டியலிலேயே ஏறாது. வெளியிலிருந்து வந்த ஆலோசகர்களில் சிலர் பஞ்சாயத்தை முழுக்கத் தவிர்க்கச் சொன்னார்கள். சிலர் அதையே மக்கள் நீதிமன்றம் போல நினைத்து அதன் கையில் எல்லாவற்றையும் விடச் சொன்னார்கள். இரண்டுமே எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒரு ஊரில் வயதான நாட்டார் ஒருவரிடம் போய், “ஐயா, புது வீட்டுப் பட்டாவைப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் கொடுக்கணும்னு அரசாங்கமே சொல்லியிருக்கு. அதனால வீட்டுக்கார அம்மா பேரும் பட்டியல்ல வேணும். புருஷன் போன வீட்டுல அந்த அம்மா பேருதான் முதல்ல வரும்” என்று சொன்னோம். பெண்ணுரிமை என்று தொடங்கியிருந்தால் வாக்குவாதமாகியிருக்கும். அரசாணை என்றதும், “அப்படின்னா எழுதிக்கம்மா” என்றார். உரிமையைப் பற்றிய பேச்சைவிட, கையில் இருந்த அரசாணை நகல் அன்று அதிகம் பயன்பட்டது. எந்த ஊருக்குப் போனாலும் அந்த நகலைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அடுத்தது கணக்கு. அயல்நாட்டுத் திட்டம் எதை எண்ணுகிறதோ அதுதான் நடக்கும். எத்தனை பயிற்சி முகாம், எத்தனை பேர் வந்தார்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டால், ஊழியர்கள் முகாம் நடத்திக்கொண்டே இருப்பார்கள். யாருமே சோம்பேறி கிடையாது, கேட்ட கணக்கைக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். நாங்கள் போராடி ஒரு கட்டத்தைச் சேர்க்க வைத்தோம்: “மனு போட்ட தேதி, உத்தரவு கைக்கு வந்த தேதி.” அந்த ஒரு கட்டம் வந்ததும் வேலையின் குணமே மாறியது. மாதக் கூட்டத்தில் எந்தத் தாலுகாவில் எது தேங்குகிறது என்று பேசத் தொடங்கினோம். உத்தரவு கைக்கு வந்த தேதி என்பது முக்கியம். உத்தரவு போட்ட தேதியை எழுதினால் போதாது. போட்ட உத்தரவு நகல் பிரிவில் மாதக்கணக்கில் கிடக்கும்.

டெல்டாவுக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. வெளியிலிருந்து எழுதப்படும் எந்தத் திட்டத்திலும் இவை இருக்காது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலாவது, வருவாய் நீதிமன்றம். திட்ட ஆவணத்தில் நீதிமன்றம் என்றால் முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்ட கோர்ட். ஆனால் கீழ்வேளூரிலோ திருத்துறைப்பூண்டியிலோ கோயில் நிலத்தையோ மிராசுதார் நிலத்தையோ குத்தகைக்குச் சாகுபடி செய்பவரின் வழக்கு அங்கெல்லாம் போவதில்லை. 1955-ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, வெளியேற்ற மனு வருவாய் அதிகாரியிடம் அல்லது வருவாய் நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படும். குத்தகை பாக்கி என்று சொல்லி வெளியேற்றப் பார்த்தால், பாக்கியை அங்கேயே டெபாசிட் செய்யச் சட்டம் வழி தருகிறது. 1969 சட்டத்தின்படி தயாரிக்கப்பட்ட குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்பதுதான் இந்த வழக்குகளின் உயிர்நாடி. பண்ணையாட்கள் பாதுகாப்புக்காக 1952-லேயே தஞ்சாவூருக்கென்று தனிச் சட்டம் வந்த மண் இது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து இறந்த பிறகு, தண்டிக்கப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்ததையும் பார்த்த மண். ‘சட்டத்தின் ஆட்சி’ என்று இங்கே ஒரு கூலித் தொழிலாளியிடம் பேசினால் அவர் மனதில் ஓடுவது நிலமும் கூலியும் வெண்மணியும். அதைத் தெரிந்துகொள்ளாமல் நீதித்துறைச் சீர்திருத்தம் பேசவே கூடாது. நாங்கள் வருவாய் நீதிமன்றத்தைத் திட்டத்தில் சேர்க்கக் கேட்டபோது, அது நீதித்துறையின் கீழ் வராது, வருவாய்த் துறையின் கீழ் வரும் என்று பதில் வந்தது. அலுவலக வரைபடத்தில் அது உண்மை. எங்கள் மக்களுக்கு அதுதான் கோர்ட். கடைசியில் “தீர்ப்பாயங்களும் இதர அமைப்புகளும்” என்ற தலைப்பின் கீழ் சேர்த்தார்கள். தலைப்பு எதுவாக இருந்தால் என்ன!

இரண்டாவது, பருவம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை நடவு, அப்புறம் சம்பா நடவு, தை மாசி அறுவடை. நடவு நேரத்தில் பெண்களை முகாமுக்குக் கூப்பிடுவது ஒரு நாள் கூலியைப் பறிப்பதற்குச் சமம். நிதியாண்டு முடிவு என்று டிசம்பரிலும் மார்ச்சிலும் முகாம்களைக் குவிக்கச் சொல்வார்கள். ஒப்பந்தம் எழுதும்போதே ஊர்க் காலண்டரை இணைப்பாகக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் ஏப்ரல், மே மாதங்களில் மாலை நேரத்தில் வைத்த கூட்டங்களுக்குத்தான் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் நிம்மதியாக வந்து உட்கார்ந்தார்கள்.

வங்கதேசத்துக்கு ஒருமுறை பார்வைப் பயணம் போனேன். ஆறும் வயலும் வெள்ளமும் நம் டெல்டாவைப் பெரிதாக்கிப் பார்த்தது போல இருந்தது. அங்கே 2006-லேயே கிராம நீதிமன்றச் சட்டம் இருந்தது. பெரும்பாலான இடங்களில் அது ஏட்டில்தான் இருந்தது. 2009-லிருந்து ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் வங்கதேச அரசோடு சேர்ந்து அதற்கு உயிர் கொடுக்கும் வேலையைத் தொடங்கின. புதிதாக ஒரு அமைப்பை உண்டாக்காமல், இருந்த சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என்னைக் கவர்ந்தது. நம் ஊராட்சி போன்ற யூனியனின் தலைவர் ஒருவர், இரு தரப்பும் ஆளுக்கு இரண்டு பேர், ஆக ஐந்து பேர் விசாரிப்பார்கள். வக்கீல் கிடையாது. சிவில் வழக்குக்கு 20 டாக்கா (அந்நாட்டு நாணயம்), குற்ற வழக்குக்கு 10 டாக்கா கட்டணம். நான் போனபோது 75,000 டாக்கா வரையான தகராறுகளைத்தான் எடுக்க முடியும். 2024-ல் அதை மூன்று லட்சமாக உயர்த்தினார்கள்.

நான் பார்த்த விசாரணையில் ஒரு பெண் தன் ஆட்டுக்கு நஷ்டஈடு கேட்டு நின்றார். பதிவேட்டில் தேதி, தொகை, கையொப்பம் எல்லாம் சுத்தமாக எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் ஒரு இளைஞர். திட்டத்திலிருந்து சம்பளம் வாங்கும் கோர்ட் உதவியாளர். அவருடைய கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய கேள்வியைக் கேட்டேன்: திட்டம் முடிந்தால் இந்தப் பதிவேட்டை யார் எழுதுவார்கள்? அங்கிருந்தவர்களும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார்கள். யூனியன் அலுவலகத்தில் அரசுச் சம்பளத்தில் இருக்கும் ஊழியரிடம் அதை ஒப்படைப்பது பற்றிப் பேசினார்கள். ஒரு சீர்திருத்தத்தின் ஆயுள் இந்த ஒரு பேச்சில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நம் நாட்டிலும் 2008-ல் கிராம நியாயாலயச் சட்டம் வந்தது. நம் மாநிலத்தில் அது வேர் பிடிக்கவில்லை.

சிறை வேலைக்கான முறையை நாங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து எடுத்தோம். மலாவியில் 2000-ஆம் ஆண்டு, நான்கு சிறைகளில், பிரிட்டிஷ் அரசின் நிதியோடு ஒரு வேலை தொடங்கியது. அங்கே வக்கீல்கள் மிகக் குறைவு. அதனால் வக்கீல் அல்லாத, பயிற்சி பெற்ற சட்ட ஊழியர்கள் சிறைக்குள் போய், விசாரணைக் கைதிகளுக்கு ஜாமீன் என்றால் என்ன, கோர்ட்டில் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தேங்கிய வழக்குகளைப் பார்க்க மாஜிஸ்திரேட்டே சிறைக்கு வருவதற்கும் ஏற்பாடு செய்தார்கள். வங்கதேசச் சிறைகளிலும் ஜெர்மனி, பிரிட்டன் உதவியோடு இதே போன்ற வேலை நடந்தது. ஐரோப்பிய நாடுகளின் பெரிய கோர்ட்டுகளைப் பற்றிய படக்காட்சிகளைவிட, நம்மைப் போலவே வசதி குறைந்த ஊரில் ஒருவர் செய்து பார்த்தது நமக்குச் சீக்கிரம் பொருந்துகிறது.

அதை இங்கே எப்படி ஒட்டவைத்தோம் என்று சொல்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 436-ஏ என்ற பிரிவை 2005-ல் சேர்த்தார்கள். அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விட வேண்டும் என்பது அதன் சாரம். கிளைச் சிறைகளில் எங்கள் ஊழியர்கள் வைத்திருந்த படிவத்தில் நான்கே விவரங்கள்: கைதான தேதி, பிரிவு, அந்தப் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை, இன்றுவரை உள்ளே இருந்த நாட்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே யாருக்கு மனு போட வேண்டும் என்று தெரிந்துவிடும். இன்னொன்றும் அதே தாளில் தெரியும். 60 நாளோ 90 நாளோ ஆகியும் குற்றப்பத்திரிகை வராதவர் ஜாமீன் கேட்டால் மறுக்க முடியாது. ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும், ஒரு நாள் தவறினாலும் அந்த உரிமை போய்விடும். 2024 ஜூலை 1 முதல் அந்தக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) என்ற புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் 479-ஆம் பிரிவில், இதற்கு முன் தண்டனை பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. இப்போது வேலைக்குச் சேருபவர்கள் இந்தப் பிரிவை மனப்பாடம் செய்துகொண்டு சிறைக்குப் போங்கள். அறுபது நாள் சங்கதி தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்த கூலித் தொழிலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். மனது ஆறவே இல்லை.

பணம் நிற்கும். இதைச் சேரும் நாளிலேயே மனதில் வையுங்கள். 2020-ல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது, நிதி பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று வந்தது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. சென்னையிலோ டெல்லியிலோ பெரிய அமைப்பு வாங்கி, இங்கே உள்ள சிறிய அமைப்புக்குக் கொடுக்கும் வழி அடைபட்டது. கள ஊழியர்கள் பலர் வேலை இழந்தார்கள்.

ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே எங்களுக்கு ஒரு சோதனை வந்திருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. தென்னை மரங்கள் சாய்ந்து கிடந்தன, கூரை வீடுகள் போய்விட்டன, பட்டா, பத்திரம், பாஸ்புக் எல்லாம் நனைந்து கூழாகிவிட்டன. சுனாமி நாளின் சட்ட உதவித் திட்டம் எப்போதோ முடிந்திருந்தது. இருந்தாலும் முகாம்களில் சட்டம் சார் தன்னார்வலர்கள் நோட்டோடு உட்கார்ந்தார்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2009-ல் தன்னார்வலர் திட்டத்தையும், 2010-ல் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கான திட்டத்தையும் கொண்டுவந்திருந்தது. அந்த வரிசையில் இருந்தவர்களில் சிலர் எங்களோடு சுனாமிக் குடியிருப்புகளில் நடந்த பெண்கள். பாதிப்புப் பட்டியலில் விட்டுப்போன பெயருக்கு மேல்முறையீடு, மனு போட்ட தேதி, உத்தரவு கைக்கு வந்த தேதி என்று அதே கட்டங்களைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அன்று எனக்குக் கிடைத்த நிறைவை இந்த வேலையில் வேறு எதுவும் தரவில்லை.

கடைசியாக, திட்டத்தை மூடும் காலம் பற்றி. அறிக்கை எழுதவும் தணிக்கைக்கும் நாள் ஒதுக்குவார்கள், நடப்பு வழக்குகளை ஒப்படைக்க ஒதுக்க மாட்டார்கள். குறைந்தது ஆறு மாதம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் கட்சிக்காரரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி, வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு மனு எழுதி, புது வக்கீலுக்கு வக்காலத்து மாற்ற வேண்டும். வழக்கு நடக்கும் கோர்ட் எது, வழக்கைக் கணினியில் தேட உதவும் சி.என்.ஆர். எண் என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள், 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணையும் அதில் சேருங்கள். குத்தகை வழக்கு என்றால் டெபாசிட் கட்டிய ரசீதுகளின் நகலைக் கட்டாயம் கட்சிக்காரர் கையில் கொடுங்கள், ஆபீஸ் அலமாரியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். புது வக்கீலைக் கட்சிக்காரர் ஒருமுறை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் அந்த ஃபைலை முடித்ததாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.